சீட்டு தர மறுத்தால் லைசென்ஸ் கிடையாது: சௌந்தரபாண்டியன் போட்ட உத்தரவு

பேருந்தில் ஏறியதும் நடத்துநர் நம்மிடம் கேட்பது எங்கே இறங்க வேண்டும் என்பதை மட்டும்தான். ஊர்ப் பெயரைச் சொன்னால் சீட்டைத் தருவார். எந்தத் தெரு என்று கேட்பதில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பஸ் பாஸை நீட்டுகிறார்கள். காலனியிலிருந்து வரும் பெண்ணும் ஊருக்குள்ளிருந்து வரும் பெண்ணும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நம் மாணவர்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாலை வந்த கதையும் ரயில் வந்த கதையும் நமக்குச் சொல்லித் தரப்படுகின்றன. அந்தச் சாலையில் ஓடிய வண்டியில் யாரை ஏற்றினார்கள், யாரை ஏற்ற மறுத்தார்கள் என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டின் கிராமப்புறச் சாலைகளில் பேருந்து ஓடத் தொடங்கியது 1910களிலும் 1920களிலும். அப்போது இங்கே அரசுப் பேருந்து என்று ஒன்று கிடையாது. எல்லாம் தனியார் வண்டிகள். வண்டி அவருடையது, சீட்டு அவர் அச்சடித்தது, யாரை ஏற்றுவது என்பதும் அவர் இஷ்டம். சேரி ஆள் என்று தெரிந்தால் கையில் காசு இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். இந்தத் தடையைச் சீட்டிலேயே அச்சிட்டிருந்த முதலாளிகளும் உண்டு என்று சுயமரியாதை இயக்கத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். பேருந்துச் சீட்டு என்பது ஓர் ஒப்பந்தம். காசு கொடுத்தவரை இன்ன ஊர் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று வண்டிக்காரர் தரும் வாக்கு. அந்த வாக்குச் சீட்டிலேயே சாதியை ஏற்றி வைத்திருந்தார்கள்.

ரயிலில் இந்த அளவுக்கு இல்லை. மூன்றாம் வகுப்புச் சீட்டை யாரும் வாங்கலாம். நெருக்கியடித்துக்கொண்டு யாரும் உட்காரலாம். ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் சாதி வந்து வழிமறிக்கும். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது, 1901-ல், அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் தந்தையைப் பார்க்கப் புறப்பட்டார். ரயில் அவர்களை மசூர் நிலையம் வரை கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து போக மாட்டுவண்டி வேண்டும். பிள்ளைகள் எந்தச் சாதி என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு வாடகை தருகிறோம், வண்டியையும் நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகு ஒருவர் சம்மதித்தார். பிள்ளைகள் வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். 1929-ல் அவர் பாரிஸ்டர் அம்பேத்கர். பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினர். அப்போதும் சாலிஸ்காவ் ஊரில் எந்தக் குதிரைவண்டிக்காரரும் அவரை ஏற்றிப் போகச் சம்மதிக்கவில்லை. வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். வண்டி கவிழ்ந்து அண்ணலின் கால் எலும்பு முறிந்தது. இதையெல்லாம் அவரே தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அண்ணலின் கால் முறிந்த அந்தக் காலத்தை ஒட்டித்தான் நம் தமிழ்நாட்டின் தென்கோடியில், இராமநாதபுரம் ஜில்லாவில், ஓர் உத்தரவு பிறந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு லைசென்ஸ் ரத்து என்பது அதன் சாரம். அதைப் போட்டவர் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். ஆங்கிலத்தில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் என்று எழுதுவார்கள்.

அவர் தலித் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1893 செப்டம்பர் 15 அன்று பட்டிவீரன்பட்டியில் ஒரு வசதியான நாடார் குடும்பத்தில் பிறந்தவர். பட்டிவீரன்பட்டி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, அன்று மதுரை மாவட்டம். கீழ்ப்பழனி மலை அடிவாரத்தில் காப்பி வணிகத்துக்குப் பெயர் போன ஊர். சோற்றுக்கோ துணிக்கோ குறை இருந்த வீடு அல்ல. ஆனால் பணம் இருந்தால் சாதி இழிவு போய்விடும் என்று சொல்கிறவர்கள் அந்தச் சமூகத்தின் அன்றைய வரலாற்றைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும்.

சௌந்தரபாண்டியன் நான்கு வயதுக் குழந்தையாக இருந்த 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று வழக்குப் போடப்பட்டது. அந்த வழக்கு கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில் 1899-ல் சிவகாசிக் கலவரம். ஊருக்கு ஊர் வீடுகள் எரிந்தன. கடை வைத்து, சங்கம் வைத்து, பள்ளிக்கூடம் கட்டி ஒரு சமூகம் பொருளாதாரத்தில் மேலே வந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் கோயில் வாசல் திறக்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற குழுவில் கக்கன் உள்ளிட்ட ஐந்து தலித்துகளோடு நாடார் ஒருவரும் இருந்தார். அதாவது சௌந்தரபாண்டியன் இராமநாதபுரத்தில் உத்தரவு போட்டபோது, மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போக அவருக்கே உரிமை இல்லை.

இழிவை அனுபவித்த சமூகம் தனக்குக் கீழே உள்ளவர்கள் மீது இரக்கம் காட்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நம் அனுபவம் பல இடங்களில் அதற்கு மாறாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு படி மேலே ஏறியவர், தான் இன்னும் மேலே என்று காட்ட, கீழே இருப்பவரைக் கூடுதலாக மிதிக்கிறார். சாதி ஏணியின் சூட்சுமமே அதுதான். சௌந்தரபாண்டியனை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியது இந்த இடத்தில்தான். தம் சமூகத்துக்குக் கேட்ட உரிமையை அவர் அந்தச் சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

நீதிக்கட்சிக்காரராகத்தான் அவர் பொதுவாழ்வுக்கு வந்தார். 1920-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நாடார் சமூகத்தின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டபோது அவருக்கு இருபத்தேழு வயது. அதே காலத்தில் அந்த மன்றத்தில் நம் தலைவர்களும் நியமன உறுப்பினர்களாக உட்கார்ந்திருந்தார்கள். எம்.சி. ராஜா இருந்தார், பின்னர் இரட்டைமலை சீனிவாசன் வந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-ல் இரட்டைமலையார் அந்த மன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். அரசாங்கமும் ஆணை பிறப்பித்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு அது.

ஆக, 1924-ல் சாலை நமக்குத் திறந்துவிட்டது, காகிதத்திலாவது. ஆனால் சாலையில் ஓடும் பேருந்து திறக்கவில்லை. சாலை சர்க்காருடையது, எல்லாரும் நடக்கலாம், ஆனால் என் வண்டி என் சொந்தச் சொத்து என்று முதலாளி சொல்லலாம். அந்த வாதத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சட்டம் அன்று இல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த அந்த இடுக்கில்தான் நம் பாட்டன்மார் மூட்டையைத் தலையில் சுமந்து பத்து மைல், பதினைந்து மைல் நடந்தார்கள். பக்கத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பேருந்து போனது.

இங்கே ஜில்லா போர்டு என்றால் என்ன என்று இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைய மாவட்ட ஊராட்சியை வைத்து அதை அளக்க முடியாது. மாவட்டத்துச் சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த அமைப்பு அது. சுங்கச் சாவடியில் வண்டிக்குப் பணம் வசூலித்ததும் அதுதான். இன்று நாம் ஆர்.டி.ஓ. அலுவலகம் என்று சொல்கிறோமே, அந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு, ஜில்லா போர்டுச் சாலையில் வாடகைக்குப் பேருந்து ஓட்ட வேண்டுமானால் ஜில்லா போர்டிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓடாது. எவ்வளவு பெரிய மிராசுதாராக இருந்தாலும், பேருந்து விட்டால் போர்டுத் தலைவர் முன்னால் மனுவோடு நிற்க வேண்டியதுதான்.

இராமநாதபுரம் ஜில்லாவும் இன்றைய இராமநாதபுரம் மாவட்டம் அல்ல. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து 1910-ல் உருவாக்கப்பட்ட பெரிய ஜில்லா. இன்றைய இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மூன்று மாவட்டங்களும் சேர்ந்தது. கடற்கரையில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் மலை அடிவாரம் வரை நீளும் வறண்ட பூமி. ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் அதிகம், நிழல் குறைவு. பேருந்து என்பது அங்கே சொகுசு அல்ல. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் சந்தைக்கும் போக உள்ள ஒரே வழி.

1920களின் இறுதியில் அந்த ஜில்லா போர்டின் தலைவர் நாற்காலியில் சௌந்தரபாண்டியன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேருந்து முதலாளிகளுக்குச் சாதி ஒழிப்பைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு அனுப்பினார்.

இந்த உத்தரவின் அருமை நமக்கு எளிதில் புரியாது. தீண்டாமை பாவம் என்று அன்றைக்கு மேடையில் பேசாத தலைவரே இல்லை. பேச்சைக் கேட்டுவிட்டு முதலாளி தலையாட்டுவார். மறுநாள் காலை அவர் வண்டியில் நிலைமை பழையபடியே இருக்கும். சௌந்தரபாண்டியன் முதலாளியின் மனத்தை மாற்றப் போகவில்லை, அவருடைய கல்லாப்பெட்டியைத் தொட்டார். வண்டி கடன் வாங்கிப் போட்ட முதல். ஒரு வாரம் ஓடாமல் நின்றாலே நஷ்டம். சாதியை விடுவதா, வண்டியை விடுவதா என்று கேட்டால் வியாபாரி என்ன சொல்வார்? தாமும் ஒரு வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதால் அந்தக் கணக்கு சௌந்தரபாண்டியனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டி என் சொந்தச் சொத்து என்ற வாதத்தை அந்த உத்தரவு வேரோடு பிடுங்கியது. வண்டி உன்னுடையதாக இருக்கலாம். சாலை யாருடையது? வரிப்பணத்தில் போட்டது. வரி கட்டுகிறவர்களில் சேரிக்காரரும் உண்டு. கல் உடைத்து, மண் சுமந்து சாலை போட்டவர்களில் அவர்தான் அதிகம். பொதுச் சாலையில் சம்பாதிக்க ஒருவருக்குப் பொது அமைப்பு அனுமதி தருகிறது என்றால், பொதுமக்களில் ஒரு பகுதியை ஒதுக்க அந்த அனுமதியைப் பயன்படுத்தக் கூடாது. இவ்வளவு பெரிய நியாயம், லைசென்ஸ் நிபந்தனை ஒன்றுக்குள் அடங்கிவிட்டது.

அந்த உத்தரவு எந்த மண்ணில் போய் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1930 டிசம்பரில் அதே இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வெயிலுக்குக் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். குடையும் செருப்பும் கூடாது என்று சொன்ன ஊரில், பேருந்தில் ஏறிச் சமமாக உட்கார்வது எவ்வளவு பெரிய மீறல் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உத்தரவு போட்டவருக்குத் துணிச்சல் வேண்டும், உண்மைதான். அந்த உத்தரவை நம்பி முதல்முதலாகப் படிக்கட்டில் கால் வைத்தவருக்கு அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும். போர்டுத் தலைவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. படியேறியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெரியாரின் இயக்கம் தன் கொள்கைகளை நாட்டுக்கு அறிவித்த மாநாடு. அதற்குத் தலைமை தாங்கியவர் சௌந்தரபாண்டியன். பெண்களுக்குச் சொத்துரிமை, திருமண வயதை உயர்த்துவது, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடுவது, பொது இடங்களில் எல்லாருக்கும் சம உரிமை என்று அங்கே நிறைவேறிய தீர்மானங்களைப் படித்தால், இவற்றில் எத்தனைக்காக இந்தியப் பாராளுமன்றம் பின்னர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது என்பது தெரியும். இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931-ல் சௌந்தரபாண்டியன் பணியாற்றிய அதே ஜில்லாவில், விருதுநகரில் நடந்தது. மாநாட்டில் தீர்மானம் போடுபவர்கள் பலர். தீர்மானத்தைத் தன் மேசைக்கு எடுத்துப் போய் அலுவலக உத்தரவாக மாற்றுபவர்கள் சிலரே. சௌந்தரபாண்டியன் அந்தச் சிலரில் ஒருவர்.

ஆனாலும் ஒரு ஜில்லாத் தலைவரின் உத்தரவுக்கு எல்லை உண்டு. பக்கத்து ஜில்லாவில் அது செல்லாது. நாற்காலியில் ஆள் மாறினால் அதுவும் மாறலாம். எல்லா ஜில்லாவுக்கும் சேர்த்துச் சட்டம் கொண்டுவர மீண்டும் நம் தலைவர்தான் வர வேண்டியிருந்தது. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938-ல் சென்னை மாகாணத்தில் சமூக உரிமைத் தடை நீக்கச் சட்டம் நிறைவேறியது. சாலை, கிணறு ஆகியவற்றோடு பொதுப் போக்குவரத்தும் அதில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1939-ல், மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பேருந்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் போக்குவரத்து அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. நம்மை ஏற்ற மறுப்பது குற்றம் என்று ஒரு சட்டம் சொன்னது. வண்டிக்கு அனுமதி தருவது இன்னொரு சட்டத்தின் வேலையாக ஆனது. சௌந்தரபாண்டியனின் மேசையில் இரண்டும் ஒரே காகிதத்தில் இருந்தன. பிறகு அவை தனித்தனியாகப் பிரிந்துபோயின. இதை ஒரு பெரிய இழப்பாகவே நாம் பார்க்கிறோம்.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்துப் போராட்டத்தை மாணவர்கள் படித்திருப்பார்கள். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் இருக்கையை விட்டு எழ மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போனார்கள். அங்கே கறுப்பர்களைப் பின்னால் உட்கார வைத்ததே சட்டம்தான். அந்தச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்றதும் கொள்கை அளவில் கதை முடிந்தது. இங்கே நம்மைப் பேருந்தில் ஏற்றாதே என்று எந்த அரசும் சட்டம் போடவில்லை. வழக்கம் தடுத்தது. செல்லாது என்று அறிவிக்க ஒரு சட்டம்கூட இல்லாத இடத்தில் வழக்கத்தை எப்படி உடைப்பது? அதற்கு விடை கண்ட சௌந்தரபாண்டியனின் உத்தரவு, மாண்ட்கோமரிக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. ரோசா பார்க்ஸைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இவரையும் தெரிந்திருக்க வேண்டும்.

சௌந்தரபாண்டியன் 1953 பிப்ரவரி 22 அன்று காலமானார். சென்னை தியாகராய நகரில் இருக்கும் பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்தது. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது முழுப் பெயர். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் அதைப் பாண்டிச்சேரியோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு தலைவரின் பெயர் பேச்சு வழக்கில் தேய்ந்து போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1955-ல், தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது. 1976-ல் செய்த திருத்தத்தால் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம் இதுதான். இதன் 4-வது பிரிவில் பொது வாகனத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். 8-வது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. தீண்டாமையின் பேரால் பொருளோ சேவையோ தர மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் அந்தத் தொழிலுக்கு லைசென்ஸோ பெர்மிட்டோ வைத்திருந்தால், அதை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். இராமநாதபுரம் உத்தரவின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது. ஒரு வேறுபாடுதான். சௌந்தரபாண்டியனின் கையில் அது முதல் நடவடிக்கை. சட்டத்தில் அது கடைசி நடவடிக்கை. வழக்குப் பதிவாகி, சாட்சி நின்று, குற்றம் நிரூபணமாகி, தண்டனை கிடைத்த பிறகுதான் லைசென்ஸின் பேச்சே எழும். அதுவரை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தம், பொது வாகனத்தில் செல்வதைத் தடுப்பதை வன்கொடுமை என்றே சொல்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதும் அதே திருத்தத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1930-ல் இராமநாதபுரத்தில் விதித்த செருப்புத் தடைக்கு 2015-ல் சட்டத்தில் பதில் எழுத வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகளில் கிராமங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1972 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாகிப் பேருந்துகள் பெருமளவில் அரசின் கைக்கு வந்தன. ஏற மறுப்பது என்ற பேச்சு போயிற்று. சாதி வேறு வடிவத்தில் வந்து நின்றது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. தலித் தலைவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கிவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு பேருந்தில் தலித் ஏறுவதைத் தடுத்த அதே பழைய ஜில்லாவில், இப்போது பேருந்தின் மேல் தலித்தின் பெயர் ஏறுவதைத் தடுத்தார்கள். சௌந்தரபாண்டியன் பணியாமல் நின்ற இடத்தில், 1997-ல் அரசு பின்வாங்கியது என்றே நாம் சொல்வோம். பெயர்களை எல்லாம் எடுத்தது அமைதிக்கு வழி என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் எதிர்ப்பு எழுந்தது ஒரே ஒரு பெயருக்குத்தான்.

இன்றும் நம் வாசகர்கள் பலரின் ஊர்களில் குறை வேறு. ஊர் நிறுத்தத்தில் நிற்கும் பேருந்து காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போகிறது. நிழற்குடை ஊருக்குள் இருக்கிறது, அங்கே போய் உட்கார முடிவதில்லை. காலை நேரப் பேருந்து நிற்காமல் போனால் முதல் வகுப்புப் பாடம் போகிறது, அரசுத் தேர்வுக்குக் கிளம்பிய பெண் பாதி வழியில் நிற்கிறாள். தடம் எண்ணும் நிறுத்தங்களும் எழுதிய அனுமதியோடுதான் ஒவ்வொரு பேருந்தும் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். அரசுப் பேருந்தானால் கிளை மேலாளருக்கும், தனியார் பேருந்தோ மினி பேருந்தோ ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சாதியைச் சொல்லி ஏற்ற மறுத்தாலோ இறக்கிவிட்டாலோ காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். மனுவில் தடம் எண், வண்டி எண், தேதி, நேரம், நிறுத்தத்தின் பெயர் இவ்வளவும் இருக்கட்டும். அடுத்த வண்டியில் ஏறிப் போயிருந்தால் அந்தச் சீட்டையும் கசக்கி எறியாமல் மனுவோடு இணையுங்கள். கட்டணமில்லாப் பயணத்துக்குத் தரும் சீட்டும் சீட்டுதான்.